ஆற்றுக்கு எவ்வளவு நீர்?

நுழையும்முன்

அணையிலிருந்து எவ்வளவு நீரைத் திறப்பது என்னும் வினா நெடுங்காலம் உழவரின் வினாவாகவும் மின்னாக்கத் துறையின் வினாவாகவுமே இருந்துவந்தது. அதனை மீனின் பக்கம் நின்றும் கேட்கலாம் என்னும் எண்ணம் பிற்காலத்தில் வந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஓடும் கிளாமத் ஆற்றில் இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் கண்டறிந்தவற்றையும் இழந்தவற்றையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு இத்தனை கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது என்னும் செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியாக உள்ள பெட்டியில் அடங்கும் நீரே ஒரு கனஅடி. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 28. அந்த எண்ணைக் கேட்டதும் நம் மனத்தில் வயலும் குடிநீரும் தோன்றுகின்றன. அந்த நீரையே வீடாகக் கொண்ட உயிர்களுக்கும் ஓர் அளவு வேண்டும் என்பது எளிதில் தோன்றுவதில்லை. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அருகிவரும் உயிரினங்கள் சட்டம் அதனைத் தோன்றச் செய்தது. பட்டியலில் இடம்பெற்ற ஓர் உயிரினத்தை அழிவுக்குத் தள்ளும் செயலையோ, அதன் வாழிடத்தைக் கெடுக்கும் செயலையோ நடுவண் அரசின் எத்துறையும் செய்யலாகாது என்றது அச்சட்டம். மதகைத் திறப்பதும் மூடுவதும் செயல்களே அல்லவா? ஆகவே, மதகின் அளவைத் தீர்மானிக்கும் பொறியாளருக்கு அருகே மீனியல் அறிஞர் ஒருவரும் அமரவேண்டிய நிலை உருவாயிற்று.

மேலே ஏரி, கீழே ஆறு

பெரும்பாலான ஆறுகள் குளிர்ந்த மலையில் பிறந்து வெப்பமான சமவெளியில் முடிகின்றன. கிளாமத் ஆறு இதற்கு நேர்மாறானது. ஓரிகன் மாநிலத்தின் சமதளத்தில், வயல்களும் சதுப்புகளும் சூழ்ந்த மேல் கிளாமத் ஏரியின் நீரைப் பெற்றுப் புறப்படுகிறது. பின்னர் மலைகளைக் குடைந்து கலிபோர்னியா மாநிலத்தின் வழியே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓடிப் பசிபிக் பெருங்கடலை அடைகிறது. தலைப்பகுதியில் நீர் வெதுவெதுப்பாகவும் ஊட்டம் மிகுந்தும் இருக்கும். கீழே செல்லச்செல்லக் குளிர்ந்த கிளையாறுகள் வந்து கலக்கும்.

மேல் கிளாமத் ஏரி பரப்பில் பெரியது, ஆழத்தில் சிறியது. அந்த ஏரியும் அதைச் சூழ்ந்த படுகையும் தவிர வேறெங்கும் காணப்படாத மீன்வகைகள் இரண்டு. கீழ்நோக்கிய உதடுகளால் அடிமண்ணைத் துழாவி உண்பதால் ஆங்கிலத்தில் அவற்றைச் 'சக்கர்' என்பர். அந்நிலத்தின் தொல்குடியினரான கிளாமத் மக்கள் அவற்றைச் சுவாம், கொப்து என்று அழைக்கின்றனர். சுவாம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழக்கூடியது. பனிக்காலம் முடிந்து உணவு அருகியிருக்கும் வேளையில் முட்டையிடக் கூட்டங்கூட்டமாக வந்த இம்மீன்களே அம்மக்களின் பசியைத் தீர்த்தன. இவ்விரண்டும் 1988ஆம் ஆண்டு அழிவின் விளிம்பில் உள்ளவையாக அறிவிக்கப்பட்டன.

கீழே, ஆற்றில் வாழ்பவை சால்மன் இனங்கள். ஆற்றுச் சரளையில் முட்டையாகப் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே மீண்டு, அங்கேயே இறக்கும் மீன்கள் அவை. சினூக் என்பது உருவில் பெரியது. யூரோக், கரூக், ஹூப்பா ஆகிய தொல்குடிகளின் உணவும் வழிபாடும் அதனைச் சார்ந்தவை. கோஹோ என்பது சிறியது. 1997ஆம் ஆண்டு அதுவும் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்ந்தது.

ஏரிக்கும் ஆற்றுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு. 1905ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற கிளாமத் பாசனத் திட்டம் சதுப்புகளை வடித்து, இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வயலாக்கியது. இரு உலகப் போர்களிலும் பணியாற்றித் திரும்பிய வீரர்களுக்கு அந்நிலங்களைக் குலுக்கல் முறையில் அரசே வழங்கியது. உருளைக்கிழங்கும் வெங்காயமும் பார்லியும் குதிரைமசாலும் அங்கே விளைகின்றன. நீர் தருவதாக அரசு சொன்ன சொல்லை நம்பிக் குடியேறியவர்கள் அவர்கள் என்பதை மறந்துவிட்டு இந்த வழக்கை விளங்கிக்கொள்ள இயலாது.

உரிமத்தில் எழுதப்பட்ட எண்

ஆற்றின் நடுப்பகுதியில் மின்னாக்கத்திற்காக எழுந்த அணைகளுள் முதலாவது கோப்கோ. 1918ஆம் ஆண்டு முதல் இயங்கிய அதில் மீன்கள் ஏறிச்செல்லப் படிவழி அமைக்கப்படவில்லை. மின்தேவை கூடும் நேரத்தில் நீர் சீறிப் பாயும். தேவை குறைந்ததும் ஆறு சட்டென வற்றும். கரையோரம் மேய்ந்த மீன்குஞ்சுகள் குட்டைகளில் சிக்கி மடிந்தன. ஆற்றில் இறங்கியோருக்கும் அது பேரிடராயிற்று. இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யவே 1962ஆம் ஆண்டு அயர்ன் கேட் என்னும் அணை அதற்குக் கீழே கட்டப்பட்டது. அதன் உரிமத்தில் குறைந்த அளவு நீர் எவ்வளவு என்பது மாதவாரியாக எழுதப்பட்டது: செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை விநாடிக்கு 1,300 கனஅடி, மே, ஆகஸ்டு மாதங்களில் 1,000, ஜூன், ஜூலையில் 710.

மீனுக்கென ஆற்றில் விடப்படும் நீருக்கு ஓர் எண் குறிக்கப்பட்டதே அந்நாளில் முன்னேற்றம்தான். ஆனால், 'இதற்குக் கீழே போகாதே' என்று மட்டுமே அந்த எண் சொல்லிற்று. மேல் எல்லை பற்றியோ, வெள்ளம் பற்றியோ, மழை பொய்த்த ஆண்டு பற்றியோ அது ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் விளைவு பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது.

மீனின் நிலையில் நின்று அளத்தல்

ஓர் ஆற்றில் மீனுக்கு எவ்வளவு நீர் தேவை என்பதை எவ்வாறு கணிப்பது? எளிய வழி ஒன்றை 1976இல் டொனால்டு டெனன்ட் என்பவர் முன்வைத்தார். ஆற்றின் ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் பத்து விழுக்காடு இருந்தால் மீன் சிறிது காலம் உயிர் தாங்கும். முப்பது விழுக்காடு இருந்தால் நன்கு வாழும். அறுபது விழுக்காடு இருந்தால் செழிக்கும் என்பது அவர் கருத்து. கணக்குப் போட ஒரு நாள் போதும் என்பதால் உலகெங்கும் இம்முறை பரவியது. எல்லா ஆறும் ஒன்றுபோல் ஓடும் என்று கொண்டால் இது போதுமானது.

கிளாமத் ஆற்றில் இதைவிட உழைப்பு மிகுந்த வழி மேற்கொள்ளப்பட்டது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹார்டி குழுவினர் 1999இல் தொடங்கி 2006 வரை வெளியிட்ட ஆய்வுகள் அவ்வகையின. இம்முறையில் முதலில் ஆற்றின் படுகையையே வரைபடமாக்குகின்றனர். எந்த இடத்தில் எவ்வளவு பள்ளம், எங்கே கூழாங்கல், எங்கே மணல், எங்கே பாறை என்பன குறிக்கப்படுகின்றன. அடுத்து மீன்களைத் தேடிச் செல்கின்றனர். மூச்சுக்குழாய் பொருத்திய முகமூடியுடன் நீரில் மிதந்தபடி, மீன் நிற்கும் இடத்தை அடையாளமிட்டு, அவ்விடத்தின் ஆழத்தையும் நீரின் விரைவையும் அளக்கின்றனர். இவ்வாறு நூற்றுக்கணக்கான மீன்களை அளந்தபின் அம்மீனின் விருப்பம் ஒரு வளைகோடாகக் கிடைக்கிறது. பிறகு, விநாடிக்கு இத்தனை கனஅடி ஓடினால் ஆற்றின் எத்தனை சதுர அடி அம்மீனுக்கு உகந்த இடமாகும் என்று கணினி கணக்கிடுகிறது.

இந்தக் கணக்கு தரும் முதல் வியப்பு, நீர் கூடக்கூட வாழிடமும் கூடிக்கொண்டே போவதில்லை என்பது. ஓர் அளவு வரை கூடும். பிறகு நீரின் விரைவைத் தாங்காமல் சிறுமீன்களின் இடம் சுருங்கும். வெள்ளம் கரை தாண்டிப் புதர்களுக்குள் புகுந்ததும் மீண்டும் கூடும். இரண்டாவது வியப்பு, ஒரே மீனுக்கே பல அளவுகள் தேவைப்படுவது. சினூக் பெண்மீன் வாலால் சரளையைக் கிளறிப் பள்ளம் பறித்து முட்டையிடுகிறது. அந்தச் சரளைக்குள் உயிர்க்காற்று ஏறவேண்டுமானால் மேலே நீர் விரைந்து ஓடவேண்டும். முட்டையிட்ட பின்னர் நீர்மட்டத்தைக் குறைத்தால் அப்பள்ளம் காய்ந்துவிடும். எனவே இலையுதிர்காலத்தில் உயர்த்திய அளவைக் குளிர்காலம் முடியும்வரை காக்கவேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கோ விரைவு ஆகாது. கரையோரத்து அமைதியான நீர் வேண்டும். கடலுக்குப் புறப்படும் இளமீனைச் சுமந்து செல்ல வசந்தகாலப் பெருக்கு வேண்டும். கோஹோ இளமீன் ஏறத்தாழ ஓராண்டு நன்னீரிலேயே தங்குவதால் கோடையிலும் குளிர்ந்த இடம் தேடும்.

ஆகவே 'எவ்வளவு' என்னும் வினா, 'எப்போது, எத்தனை நாள், எந்த மீனின் எந்தப் பருவத்துக்கு' என விரிந்துகொண்டே போகிறது. வளைகோட்டின் உச்சியைத் தொட்டுக் காட்டி விடை சொல்லிவிடலாம் என்று அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்குத் தோன்றும். ஆற்றில் முகம் கவிழ்ந்து கிடந்து மீனை எண்ணியவர் அவ்வளவு துணிவதில்லை.

ஏரியின் அளவோ வேறு. அங்கே கனஅடி பேச்சில்லை. நீர்மட்டத்தின் உயரமே பேச்சு. கரையோர ஊற்றுகளின் சரளையில் முட்டையிடும் சுவாம் மீனுக்கு வசந்தத்தில் ஏரிமட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 4,142 அடி அளவில் இருக்கவேண்டும். மட்டம் இறங்கினால் சரளை வெளியே தெரியும். குஞ்சுகள் ஒளிந்து வளரும் கோரைப்புதர்கள் தரையில் நிற்கும். அதே வசந்தத்தில்தான் கீழே சால்மன் இளமீன்கள் கடலுக்குச் செல்லப் பெருக்கை எதிர்நோக்குகின்றன. ஆற்றுக்குத் திறந்தால் ஏரி இறங்கும்; ஏரியில் தேக்கினால் ஆறு மெலியும். மீனுக்கும் மனிதனுக்கும் இடையிலான போட்டி என்று வெளியார் எழுதும் இந்த வழக்கில், இரண்டு மீன்களுக்கு இடையிலான போட்டியும் அடங்கியிருக்கிறது.

அடுத்தடுத்த இரண்டு கோடைகள்

2001ஆம் ஆண்டு கடும் வறட்சி. ஏரிமீனைக் காக்கும் துறை ஏரிமட்டத்திற்கு ஓர் எண் தந்தது. ஆற்றுமீனைக் காக்கும் துறை அயர்ன் கேட் நீர்திறப்புக்கு ஓர் எண் தந்தது. இரண்டையும் நிறைவேற்றியபின் வயலுக்கு ஏதும் எஞ்சவில்லை. பாசனத் திட்டத்தின் பெரும்பகுதிக்கு அவ்வாண்டு நீர் இல்லை என ஏப்ரல் 6 அன்று அறிவிக்கப்பட்டது. விதைப்புக்கு நிலம் உழுது காத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட உழவர் குடும்பங்கள் திகைத்தன. மே 7 அன்று கிளாமத் பால்ஸ் நகரில் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக நின்று, நீர்நிலையில் மொண்ட நீரை வாளி வாளியாகக் கைமாற்றி வறண்ட கால்வாயில் ஊற்றினர். கோடையின் நடுவே மதகின் கதவுகளைப் போராட்டக்காரர்கள் தாமே திறந்ததும் உண்டு. அந்நீரையே நம்பியிருந்த பறவைகள் புகலிடமும் வறண்டது. உருளைக்கிழங்கு வயலை விற்றுவிட்டு வெளியேறியவர்களின் துயரத்தை மீனின் பெயரால் சிறிதாக்கிக் காட்டுவது நேர்மையாகாது.

மறு ஆண்டு தொடக்கத்தில் தேசிய ஆய்வுக் கழகத்தின் அறிஞர் குழு இடைக்கால அறிக்கை ஒன்றை அளித்தது. கூடுதல் ஏரிமட்டத்தையும் கூடுதல் ஆற்றோட்டத்தையும் வற்புறுத்தப் போதிய அறிவியல் சான்று இல்லை என்றது அவ்வறிக்கை. வயல்களுக்கு மதகு திறந்தது. 2002ஆம் ஆண்டும் மழை குறைந்த ஆண்டே. அவ்வாண்டு செப்டம்பரில் அயர்ன் கேட் அணையிலிருந்து வந்த நீர் விநாடிக்கு ஏறத்தாழ 760 கனஅடி மட்டுமே. பழைய உரிமத்தில் அம்மாதத்துக்கென எழுதப்பட்டிருந்த 1,300 கனஅடியோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அவ்வாண்டு கடலிலிருந்து சினூக் மீன்கள் பெருந்திரளாக வந்தன. ஆறு ஆழங்குறைந்து வெதுவெதுப்பாக இருந்ததால் மேலேறிச் செல்ல மாட்டாமல் கழிமுகத்தை ஒட்டிய பகுதியிலேயே நெருக்கியடித்து நின்றன. நெருக்கத்தில் நோய் பரவியது. மீனின் செவுளையும் தோலையும் தாக்கும் ஒட்டுண்ணி ஒன்று மீனைவிட்டு உதிர்ந்து, பெருகி, நீந்திச் சென்று அடுத்த மீனைப் பற்றும் இயல்புடையது. ஓடும் நீரில் அதன் பெரும்பாலான குஞ்சுகள் அடித்துச் செல்லப்பட்டு மடியும். தேங்கிய நீரில், மீனோடு மீன் உரசி நிற்கும் இடத்தில் ஒன்றும் வீணாவதில்லை. கூடவே செவுளை அழுகச் செய்யும் பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டது. சில நாள்களில், ஆற்றின் கடைசி 58 கிலோமீட்டரில், முட்டையிடாமலேயே 34,000க்கும் மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. அதுவும் குறைந்த அளவுக் கணக்கு. ஆழத்தில் அமிழ்ந்தவற்றை எண்ணியவர் இலர்.

மீன்களின் மிகுதியா, வெப்பமா, நீர்க்குறைவா, எது காரணம் என்று அறிஞர்கள் நெடுநாள் வாதிட்டனர். கலிபோர்னியாவின் மீன்வளத் துறை தன் அறிக்கையில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: இவற்றுள் மனிதர் கைக்குள் இருப்பது நீரோட்டம் ஒன்றே. அதன்பின் வறண்ட ஆண்டுகளில் பெரும் மீன்திரள் எதிர்பார்க்கப்படும்போது, கிளையாறான டிரினிடியின் அணையிலிருந்து ஆகஸ்டு, செப்டம்பரில் கூடுதல் நீர் விடும் வழக்கம் வந்தது.

சீரான நீரும் சிறு புழுவும்

உரிமத்து எண் சொல்லாமல் விட்டதன் விளைவு தெரியவந்தது, முதிர்ந்த மீனிடம் அன்று. கடலுக்குச் செல்லும் இளமீனிடம். செரட்டோநோவா சாஸ்டா என்னும் மற்றோர் ஒட்டுண்ணி இளமீனின் குடலைச் சிதைக்கிறது. அது மீனிலிருந்து மீனுக்கு நேரே தொற்றுவதில்லை. இறந்த சால்மனின் உடலிலிருந்து வெளிவரும் நுண்வித்துகளை ஆற்றடியில் வாழும் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழு உட்கொள்கிறது; அப்புழுவினுள் உருமாறிய வித்து வெளிவந்து இளமீனைத் தாக்குகிறது. புழு இல்லையேல் நோயும் இல்லை.

அந்தப் புழுவுக்கு எத்தகைய ஆறு பிடிக்கும்? படுகை அசையாத ஆறு. இயற்கையான கிளாமத் ஆற்றில் குளிர்கால வெள்ளம் சரளையைப் புரட்டி, மண்ணையும் பாசியையும் புழுவையும் வாரிச் சென்றுவந்தது. அணைகள் வெள்ளத்தின் முனையை மழுக்கின. மேலிருந்து வரவேண்டிய மணலையும் சரளையையும் தடுத்தன. ஊட்டம் மிகுந்த நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக ஓடிற்று. படிவழி இல்லாமையால் முதிர்ந்த மீன்கள் அயர்ன் கேட் அணையின் அடியிலேயே குவிந்து முட்டையிட்டு இறந்தன. மீனுக்கு நன்மை என எண்ணி வைக்கப்பட்ட சீரான நீர், மீனைக் கொல்லும் புழுவுக்கும் நல்ல குடியிருப்பாயிற்று. 2014இல் ஆய்வுக்கு எடுக்கப்பட்ட சினூக் இளமீன்களில் 81 விழுக்காடும், 2015இல் 91 விழுக்காடும் இவ்வொட்டுண்ணியால் பீடிக்கப்பட்டிருந்தன.

யூரோக், ஹூப்பா மக்கள் நீதிமன்றம் சென்றனர். 2017 பிப்ரவரியில் நீதிபதி வில்லியம் ஆரிக் அளித்த ஆணையில் புதுவகையான எண்கள் இடம்பெற்றன: ஆண்டுதோறும் விநாடிக்கு 6,030 கனஅடி வீதம் தொடர்ந்து 72 மணி நேரம், ஓராண்டு விட்டு ஓராண்டு 11,250 கனஅடி வீதம் 24 மணி நேரம். ஆற்றின் அடித்தரையைக் கழுவிவிடும் செயற்கை வெள்ளம் இது. குறைந்த அளவை மட்டும் காட்டிய பழைய உரிமத்தின் அருகே இந்த ஆணையை வைத்துப் படித்தால், அரை நூற்றாண்டில் ஆற்றைப் பற்றிய அறிவு எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பது விளங்கும்.

அறிவு வளர்ந்தது, நீர் வளரவில்லை. கழுவுநீரும் அதே ஏரியிலிருந்துதான் வரவேண்டும், சுவாம் முட்டையிடும் பருவத்தை ஒட்டி. 2021ஆம் ஆண்டு வறட்சியில் எதுவும் எதற்கும் போதவில்லை. கழுவுநீர் விடப்படவில்லை, கீழே இளமீன்கள் கூட்டமாக மடிந்தன. ஏரிமட்டம் சுவாம் வேண்டிய உயரத்தை எட்டவில்லை. முதன்மைப் பாசனக் கால்வாய் அவ்வாண்டு முழுவதும் மூடியே கிடந்தது.

அணைகள் அகன்றபின்

நெடிய பேச்சுகளுக்குப் பின் நான்கு மின்னணைகளை அகற்ற 2022 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 2024 அக்டோபருக்குள் அயர்ன் கேட் உட்பட நான்கும் அகற்றப்பட்டன. அதே மாதம் 16ஆம் நாள், ஓரிகன் எல்லைக்குள் ஒரு கிளையோடையில் சினூக் மீன் காணப்பட்டது. 1912க்குப் பின் அம்மாநிலத்தின் கிளாமத் படுகையில் கடலிலிருந்து மீண்ட சால்மனைக் கண்டது அதுவே முதன்முறை. மணலும் சரளையும் மீண்டும் நகர்கின்றன. மீன்கள் ஓரிடத்தில் குவியாமல் பரவிச் செல்ல வழி பிறந்திருக்கிறது.

ஆயினும், அகற்றப்பட்டவை மின்னாக்க அணைகள். பாசனத்துக்கு நீர் தேக்கியவை அல்ல. அவை போனதால் புதிதாக ஒரு கனஅடி நீரும் பிறக்கவில்லை. ஏரியின் வாயிலில் 1921ஆம் ஆண்டு எழுந்த அணை அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் மலைப்பனியை அளந்து, ஏரிக்கு வரவிருக்கும் நீரைக் கணித்து, ஏரிக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு என வகுக்கும் வேலை தொடர்கிறது.

ஏரிமீன்களின் நிலை இன்னும் கவலைக்குரியதே. ஆண்டுதோறும் முட்டையிடுகின்றன, குஞ்சுகளும் பிறக்கின்றன, ஆனால் கோடையில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து அழுகி உயிர்க்காற்றைக் குடித்துவிடும் அந்த ஏரியில் குஞ்சுகள் முதிர்பருவம் எட்டுவது மிக அரிதாகிவிட்டது. இன்று நீந்துபவற்றுள் பெரும்பாலானவை முதிய மீன்கள். நீர்மட்டத்தை உயர்த்தினால் மட்டும் இது தீருமா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. கிளாமத் மக்களின் நீருரிமையே காலத்தால் மூத்தது என 2013இல் ஓரிகன் மாநிலம் ஏற்றுக்கொண்டது. தம் உணவாக இருந்த மீனைப் பிடிப்பதை அம்மக்கள், சட்டம் பாதுகாப்பு அளிப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1986இல் தாமாகவே நிறுத்திக்கொண்டனர். வசந்தத்தில் சுவாம் மீனை வரவேற்கும் சடங்கை மட்டும் கைவிடவில்லை. அதற்காக அவர்கள் ஆண்டில் பிடிப்பவை இரண்டே மீன்கள்.